பத்தொன்பது

எர்சுரூமில் ஜூன் முடிந்தும்
மலை முகட்டில் கொஞ்சம் பனி மிச்சமிருக்கும்.
கீழே சரிவெல்லாம் காந்தரோன் பூத்து மஞ்சள்.
அதன் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால்
ஊசியால் குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாய் வெளிச்சம்.
ஓட்டைகள் இல்லை அவை, எண்ணெய்ப் பைகள் என்று
முதல் நாளே திருத்தினார் பேராசிரியர் நெஜ்மெத்தின்.
எனக்கு இன்னும் ஓட்டைதான்.

பூவை ஆலிவ் எண்ணெயில் அமிழ்த்தி
ஆய்வகத்துத் தெற்கு ஜன்னலில் நாற்பது நாள் வைத்தோம்.
மஞ்சள் எங்கே போனதோ,
புட்டி நிறைய இரத்தச் சிவப்பு.
இதையேதான் சந்தையில் ஹயாத்தி
வெட்டுக்கு, சுட்ட புண்ணுக்கு, மனக்கவலைக்கும் என்று
கூவிக் கூவி விற்கிறான்.
நாங்கள் கூவக்கூடாது.
எங்களுக்கு இருபத்து நான்கு எலிகள் வேண்டும்.

காயம் ஆற முதலில் காயம் வேண்டும்.
அதைச் செய்பவள் நான்.
மயக்க மருந்து. முதுகு மயிர் மழித்தல்.
வட்டக் கத்தியை வைத்து ஒரு திருகு.
எட்டு மில்லிமீட்டர், எல்லாருக்கும் சமம்.
இத்தனை நியாயமாக நான்
வேறெதையும் பங்கிட்டதில்லை.

ஆறு எலிக்குச் சிவப்பெண்ணெய்.
ஆறுக்கு வெறும் ஆலிவ்.
ஆறுக்கு மருந்துக்கடைக் களிம்பு.
கடைசி ஆறுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதும் ஒரு பிரிவு;
அதற்கும் கூண்டு உண்டு, அட்டை உண்டு,
அட்டையில் என் கையெழுத்து.

ஒருநாள் விட்டு ஒருநாள்
காயத்தின்மேல் கண்ணாடித் தாளை வைத்து
விளிம்பை மையால் வரைந்து
கட்டங்களை எண்ணுவேன்.
முதலில் ஏரி மாதிரி; போகப்போகக் குட்டை.
சிவப்பெண்ணெய் முந்தியது. ஏழாம் நாளே பாதி.
பேராசிரியர் எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார்.

பத்தொன்பது மட்டும் கணக்கில் அடங்கவில்லை.
ஒன்றுமில்லாக் கூட்டத்து எலி,
வலது காது மடிந்தது,
மரத்தூளில் குழி பறித்து நாளெல்லாம் தூங்கும்.
பதினோராம் நாள் அதன் முதுகில்
வரைய விளிம்பே இல்லை.
பேனாவைத் தூக்கியபடி நின்றேன்.

'கை தவறியிருக்கும் பெரிஹான். மறுபடி அள.'
அளந்தேன்.
இல்லாததை எத்தனை தடவை அளந்தாலும்
இல்லைதான்.
பூஜ்யம் என்று எழுதினேன், அடுத்த தாளிலும் பதியும்படி.

இருபத்தோராம் நாள் எல்லாத் தோலும் தேவைப்பட்டது.
திட்ட அறிக்கையில் அதற்கொரு மெல்லிய சொல் உண்டு.
ஆறிய இடத்தைத்தான் வெட்டியெடுப்போம்,
ஆறிவிட்டதா என்று பார்க்க.
பத்தொன்பதைக் கடைசியாகக் கையில் எடுத்தேன்.
வரிசைப்படி அது கடைசி இல்லை.

நுண்ணோக்கியின் கீழே நீல நூல்கள்.
சிவப்பெண்ணெய்த் துண்டுகளில் நெருக்கமான நெசவு,
படம் பிடித்துப் போடத்தக்க அழகு.
பத்தொன்பதில் கோணல்மாணல்,
இருட்டில் யாரோ அவசரமாய்த் தைத்ததுபோல.
ஆனால் தைத்திருந்தது.

போன வாரம் நீராவிக் கொதிகலனின் கதவு
என் மணிக்கட்டைச் சுட்டுவிட்டது.
புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
பாதிக்குப் பூசினேன்.
மறுபாதியை அப்படியே விட்டுவைத்தேன்.
காலையில் கண் விழித்ததும்
அந்தப் பாதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.