ஆறாம் மாதத்து அழைப்பு

லோம் நகராட்சியின் இரண்டாம் மாடியில்
ஹீட்டர் ஓடாத அறை என்னுடையது.
பட்டியலில் நாற்பத்தோரு பெயர்கள்.
எல்லோரிடமும் கேட்க வேண்டியது ஒன்றே:
"இப்போது வேலையில் இருக்கிறீர்களா?"
ஆம் என்பதற்கு ஒரு கட்டம், இல்லை என்பதற்கு ஒன்று.
மூன்றாவது கட்டம் கிடையாது.

ஸ்தோயன்கா எடுத்தாள்.
ஒன்பது மாதம் டான்யூப் கரையைப் பெருக்கியவள்.
திட்டம் முடிந்த அன்று
ஆரஞ்சு மேலங்கியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள்.
அறுந்துபோன பித்தானுக்குப் பதில்
தன் சட்டைப் பித்தான்,
நிறம் வேறு.

"இல்லை" என்றாள்.
"ஆனால் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
அதை எந்த ஜன்னலில் திருப்பித் தர வேண்டும்?"

எழுத இடமில்லை.

வேலைவாய்ப்பு, சமூகத்தில் சேர்ப்பு, வறுமை ஒழிப்பு:
மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை.
ஊரார் வரிப்பணத்தில் ஒரு வரி நாங்கள்;
சோபியாவில் ஒரு புள்ளி இடம் மாறினால்
இங்கே ஒரு தெரு குப்பையாகும்.

"உங்களுக்கு எதுவரை?" என்றாள் சட்டென்று.

இந்த நாற்காலியும் அதே வரியில்தான்.
டிசம்பர் முப்பத்தொன்று.
சொல்லிவிட்டேன்.

எங்கோ அவள் வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது.

"பெருக்குவது கஷ்டமில்லை" என்றாள்,
"காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்."