மூன்றாவது பூச்சு

நவம்பர் மழை. கோர்ட்ரைக் நகரில்
கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு
அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாய்த் தொங்கவிட்டேன்,
உரிக்கப்போகும் ஆடுபோல.

பெடல் அச்சின் வலது கிண்ணம் மட்டும் வரவில்லை.
இரண்டு நாள் முக்கினேன்.
பக்கத்து வீட்டு மார்லேன் எட்டிப் பார்த்து
"அது இடம்புரி மரை, ஹில்டெ" என்றாள்.
மற்றப் பக்கம் திருகினேன்.
வெண்ணெய்.

உரிக்கும் பசையைத் தடவியதும்
முதலில் நீலம் கொப்புளித்தது.
எழுபத்தேழில் அப்பா அடித்தது,
வேலிக்கு வாங்கியதில் மிச்சம்.
பிரஷ் மயிர் ஒன்று இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

அந்தக் கோடையில்தான் தம்பி யோரிஸ்
கால்வாய்ப் பாலத்துச் சுவரில் மோதினான்.
"லேசாத்தான் பட்டுச்சு" என்றான்.
கீழ்க்குழாயில் கட்டைவிரல் புதையும் பள்ளம்.
அப்பா ஒன்றும் பேசாமல் அவன் கையை எடுத்து
அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார்.
பள்ளி திறக்கும்வரை அவன் நடந்தான்.
திறந்த பிறகும் நடந்தான்.
ஐம்பத்தெட்டு வயதில் இன்றும்
ஆண்ட்வெர்ப்பில் ட்ராமுக்குக் காத்து நிற்கிறான்.

நீலத்துக்கு அடியில் கருஞ்சிவப்பு.
கல்யாணத்துக்கு அடித்ததாம், நான் பிறக்குமுன்.
அதையும் சுரண்டினேன், பள்ளத்தின் ஓரமாக.
பிளேடு நுனியில்
சாம்பல் நிறப் பட்டி பொடியாய் உதிர்ந்தது.

கருஞ்சிவப்புக்கும் கீழே, பட்டி.

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.
அப்படியென்றால்
யோரிஸ் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே
எங்கேயோ மோதி,
அடைத்து, தேய்த்து, மேலே வண்ணம் பூசி
மாப்பிள்ளையாய் ஏறி வந்திருக்கிறார்.
தம்பி உதிர்த்தது பட்டியை மட்டும்.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.
இரவு பதினொன்றரைக்கு ஒரு வரி:
"சீட் எவ்வளவு உயரம்?"

ஞாயிற்றுக்கிழமை அதே போட்டோவை
முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன்.
அப்பாவுக்குத் தொண்ணூறு. கண் கூர்மை,
காது அவர் விரும்பும்போது கேட்கும்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
வாஃபிளை விண்டு காப்பியில் நனைத்தார்.
"அந்த நீலம் நல்ல பெயிண்ட்.
ஏன் சுரண்டினாய்?"

பிரைமர் இரண்டு கோட் காய்ந்துவிட்டது.
என்ன நிறம் என்று கேட்டால்
யோரிஸ் ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்கிறான்.
வாங்கிவைத்த பட்டி டப்பாவை
நான் திறக்கவில்லை; மார்லேனுக்கு ஜன்னல் அடைக்க வேண்டுமாம்,
கொடுத்துவிட்டேன்.

சீட் தண்டில் மட்டும்
பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்,
அவன் உயரத்துக்கு,
குத்துமதிப்பாக.