மூன்றடிக்குக் கீழே

கரண்ட் பில்லின் பின்பக்கம்தான் வெறுமையாய்க் கிடந்தது.
யூட் அதில் கோடு கீறினார்:
மட்டக்குளி, ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி,
கடுவெல, ஹங்வெல்ல.
அதற்கங்கால் பாதை தெரியாததால் ஒரு முக்கோணம் போட்டு
அதன் உச்சியிலிருந்து
வளைந்து வளைந்து இறங்கும் குழாய் ஒன்று.
கீழே அலை.
"சொந்தத் த்ரீவீல் நிக்குது, பிறகென்ன செலவு?"

பெற்றோல் நாலு லீற்றர் என்றார்.
நான் ஐந்தென்று எழுதினேன்.
கடுவெலச் சந்தி எங்களைக் கண்டு விலகி நிற்குமா?
அவர் எழுதாத ஒன்றையும் எழுதினேன்:
அன்றைக்கு ஹயர் ஓடாத காசு, நாலாயிரம்.
பேனையைப் பறித்து வெட்டினார்.
"வராத காசு எப்படிச் செலவாகும்?"
லீசிங்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

ஞாயிறென்றால் டிக்கெட் விலை கூட.
புதன் குறைவு,
புதனில் பள்ளிக்கூடம்.
ஆகவே ஷெரோமிக்கு ஒரு புதன்கிழமைக் காய்ச்சல்,
அதையும் கணக்கில் சேர்த்தோம்.
வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம்.
கேற்றடியில், த்ரீவீலின் பின்சீற்றில்,
பத்தரைக்கே சோற்றுப் பார்சலை முடித்து
வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுபோவது என்று முடிவு.
வயிற்றைத் திறந்து பார்க்க இன்னும் ஆள் போடவில்லை.

பிறகுதான் அந்த இரண்டு வரி:
மூன்றடிக்குக் கீழே இலவசம்.
நாலடிக்குக் கீழே பெரிய சறுக்கலில் இடமில்லை.

என் தையல் நாடா சுவரில் ஏறியது.
ஷெரோமி மூன்றடி பதினொன்றரை.
"கொண்டைய உச்சில போடுங்கம்மா."
நின்ற நிலையிலேயே வளரப் பார்க்கிறாள்.
கெனட் மூன்றடி, அதற்குமேல் ஒரு விரல்.
ஒரு விரலுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபா.
மொட்டையடித்தால் சரி வரும் என்கிறார் தகப்பன்.
பெரிய காற்சட்டைக்குள் முழங்காலை மடித்து
எப்படி நிற்பதென்று அக்கா பழக்குகிறாள்.
அவனோ, நான் பெரியாள் என்று
இரண்டு கையையும் சேர்த்து உயர்த்துகிறான்.

போகும் வழி முழுக்க ஆறு பக்கத்திலேயே வரும்.
எங்கள் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் கடலில் விழுகிற
அதே களனி.
போன வருசம் அது
டிக்கெட் இல்லாமல் வீட்டுக்குள் வந்தது.
மேசையைக் கட்டில்மேல் ஏற்றி
தையல் மெஷினை மேசைமேல் ஏற்றி
நாங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஐந்து இரவு.
பெயின்ற் அடித்தும் போகவில்லை சேற்றுக்கோடு.
நாடா அதைக் கடக்கும்போது பார்த்தேன்:
மூன்றடி நாலு.
யூட்டும் பார்த்தார்.
மகனின் தலைக்குமேல் மூன்று அங்குலம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஷெரோமிதான் கேட்டாள்,
"அங்க தண்ணி நீலமாம்மா?"
நீலம்தான் மகள்.
அடி தெரியும்.

மொத்தம் பன்னிரண்டாயிரம்,
ஆளுக்கொரு ஐஸ்கிறீம் உட்பட.
பால்மா டின்னில் பத்தாயிரத்து முந்நூறு.
கெனட் இலவசமென்றால் போகலாம்,
நூறு ரூபா மிஞ்சும்.
இல்லையென்றால் கேற்றடியில் சோறு தின்றுவிட்டு
திரும்பி வரலாம்.

எல்லாரும் படுத்த பிறகு
தண்ணீர் குடிக்க எழும்பினேன்.
பாயில் குறுக்கே கெனட்,
வாயைத் திறந்தபடி, நிற்கும்போது இருப்பதைவிட நீளமாக.
படுத்த பிள்ளையைத் தாண்டினால் வளராது என்பார்கள்.
புதனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

தாண்டினேன்.

குசினியில் தண்ணீர் குடித்தேன்.
கிளாஸைக் கழுவி வைத்தேன்.
கழுவிய கிளாஸை இன்னொருமுறை கழுவினேன்.
பிறகு வந்து,
சுவரோரமாய்ச் சுற்றிப்போக இடமிருந்தும்,
தாண்டிய இடத்திலேயே
திரும்பவும் தாண்டினேன்.