தெற்று

கோபாலபுரத்தில் தார் நிறம் மாறும்.
இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் கறுப்பு.
அந்தக் கோட்டின் மேல்தான்
ரமாதேவி டீச்சரின் வெள்ளைக் கார்
என் குட்டியானையின் வாயில் இடித்தது.

பம்பர் தமிழ்நாட்டில் விழுந்தது,
விளக்குச் சில்லு கேரளத்தில்.
இருநூற்று நாற்பது இளநீர்
இரண்டு பக்கமும் உருண்டன.
ஒன்று மட்டும் செக்போஸ்ட் வரை போய்
பர்மிட் காட்ட நிற்பதுபோல் நின்றது.

பொள்ளாச்சி தாலுகா ஸ்டேஷனில்
"கார் எங்கீங்க நின்னுச்சு?" என்றார்கள்.
கொழிஞ்சாம்பாறையில்
"வண்டி எவிடெயா நின்னது?" என்றார்கள்.
இரண்டு பெஞ்சிலுமாக
ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் டீச்சரே வந்தார்.
நெற்றியில் பிளாஸ்திரி.
ரைட்டரிடம் பேனா வாங்கி எழுதி
எனக்கும் வாசித்துக் காட்டினார்:
தெற்று என்டேதாணு.

எங்களுக்குத் தெற்று என்றால் பல்.
என் சின்னவளுக்கு உண்டு, சிரித்தால் தெரியும்.
எனக்கு அர்த்தம் ஆக
கொஞ்ச நேரம் பிடித்தது.

"சம்மதிக்கல்லே டீச்சரே,
நோ கிளைம் போனஸ் போகும்!"
ஏஜென்ட் கத்தியது எனக்கே கேட்டது.
டீச்சர் போனை
மேசையில் கவிழ்த்து வைத்தார்.

பாலக்காட்டில் அவருடைய கம்பெனி
நான்காவது மாடி. லிஃப்ட் ஓடாது.
ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., லைசென்ஸ்,
ஸ்டேஷன் சான்று, இரண்டு நகல்,
தங்கமுத்து பட்டறையின் எஸ்டிமேட்
முப்பத்தோராயிரத்து அறுநூறு.
அதன் மூலையில் தங்கமுத்துவின்
கிரீஸ் கட்டைவிரல்.
"இது என்ன சீல்?" என்று கேட்டாள்
கவுன்ட்டர் பெண்.

சர்வேயர் ஜோபி திருச்சூரிலிருந்து வந்தார்.
வண்டியை மூன்று சுற்று சுற்றினார்.
கும்பிடுவாரோ என்று பார்த்தேன்.
தகரத்துக்கு வயசு பார்த்துக் கழிப்பார்களாம்.
பிளாஸ்டிக்குக்குப் பாதி.
கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாதாம்.
இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்றேன்.
எத்தனை வருஷம் வெயிலில் நின்றாலும்
உடைகிறவரை புதுசு.

"இளநீருக்கு பில் உண்டோ?"
மரம் பில் போடாதுங்க.
சிரித்தார், அந்த வரியை அடித்தார்.
பதினொரு நாள் வண்டி நின்ற வாடகையையும் அடித்தார்.
அதற்குச் சிரிக்கவில்லை.

பிறகு கடிதங்கள்.
எனக்குத் தெரியாத இரண்டு மொழியில்.
படம் பிடித்து டீச்சருக்கு அனுப்புவேன்.
பேப்பர் திருத்தி முடித்து
ராத்திரி பத்துக்குக் கூப்பிடுவார்,
சித்தூர்த் தமிழில் ஒவ்வொரு வரியாக.
"இங்கெ அவங்க ஏமாத்தறாங்க, மாசிலாமணி.
இதுக்கு இப்படி பதில் எழுதுங்க."
தன் கம்பெனிக்கு எதிராக
ஏழு பதில் சொல்லச் சொல்ல
என் மனைவி எழுதினாள்.
இடித்தவர் வீட்டு குக்கர் விசில்
எங்களுக்குப் பழகிப்போனது.

ஒன்பதாம் மாதம்
பதின்மூன்றாயிரத்து எண்ணூற்று எழுபது.
"முழுமையாக, இறுதியாக,
இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"
என்ற வரிக்குக் கீழே
ரெவின்யூ ஸ்டாம்பை நக்கி ஒட்டினேன்.

டீச்சருக்கு அந்த வருஷம் பிரீமியம்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கூடியதாம்.
மழை வரும்போல என்கிற குரலில் சொன்னார்.
எட்டு இளநீர் இறக்கிவைத்தேன்.
பர்ஸைத் திறந்தார்.
பில் இல்லைங்க டீச்சர் என்றேன்.

பம்பர் நேராகிவிட்டது.
இடது விளக்கு மட்டும்
தங்கமுத்து எவ்வளவு திருகியும்
கொஞ்சம் ஏறித்தான் எரிகிறது.
எதிரே வருகிறவர்கள் திட்டுகிறார்கள்,
கோடு வரை தமிழில்,
கோடு தாண்டினால் மலையாளத்தில்.