துவர்

ஞாயிறு காலை ஸ்டூடியோ ஷட்டரை ஏற்ற மாட்டேன்.
பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாய் வாங்கிய கேமராவோடு
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கி
அந்தப் பக்கம் ஏறுவேன்.
வாரம் முழுக்க வெள்ளைத் துணி முன்னால்
ஊரையே உட்கார வைத்து
"மூஞ்சியைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்கிறவளுக்கு
ஒருநாளாவது நிறம் வேண்டும்.

எனக்கு வாய்த்தது சிவப்பு.
கேஸ் வண்டியில் படுத்துப் போகும் சிலிண்டர்கள்,
தொழிற்சங்கக் கம்பத்தில் வெளுத்த கொடி,
காசிமேட்டில் ஒருத்தி விரலால் விரித்துக் காட்டிய
வஞ்சிரத்தின் செவுள்:
"பாத்துக்கோ, நேத்து மீனில்ல."
யாரிடமும் கேட்டதில்லை.
கேட்டால் மனுஷர்கள்
சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

அன்று மழை விட்ட தண்ணீர் கணுக்கால் அளவு.
சுரங்கப்பாதையின் வாயில்
ஒரு சிவப்பு நடந்து வந்தது.
செருப்பில்லை. மொட்டைத்தலை.
வயிற்றோடு அணைத்த கறுப்புப் பாத்திரம்.
இருபத்திரண்டு வயசிருக்கும்.
பர்மா காலனி விகாரைப் பையன்,
அத்தோ கடை மரகதத்தின் சின்னவன், அறவாழி.
இப்போது அவனுக்கு வேறு பெயர்.
மேலே ரயில்.
கீழே தண்ணீரில் தலைகீழாய் அதே சிவப்பு.
பதினோரு தடவை அமுக்கினேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால்
முகம் வந்திருக்கிறது, ரயில் வந்திருக்கிறது,
தண்ணீரில் மிதந்த பால் பாக்கெட்டின் தேதிகூட.
அங்கி மட்டும் ஒரே தகடு.
இந்தக் கேமராவுக்குச் சிவப்பென்றால் சத்தம்.
காதைப் பொத்திக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை அவனே வந்தான்.
மாண்டலேவுக்குப் படிக்கப் போகிறானாம்,
விசாவுக்கு எட்டு காப்பி.
திரையை மூட மறந்திருந்தேன்.
தன்னைப் பார்த்தான். கோபமில்லை.
கிட்டே வந்து, இடது தோளுக்குக் கீழே விரல் வைத்து
"இங்க ஒரு தையல் இருக்கணுமேக்கா" என்றான்.

அப்புறம்தான் நேரில் பார்த்தேன்,
வரப்பு வரப்பாய்த் தைத்த உடை,
பாத்தி பாத்தியாய்த் துண்டுகள்.
குப்பையில் கிடந்ததும் பிணத்தின்மேல் கிடந்ததும் பொறுக்கி
பட்டையும் வேரும் வெந்த சாயத்தில் முக்கி
ஒரு காலத்தில் உடுத்தினார்களாம்.
இது கடையில் வாங்கியதுதான், ஒரு பாத்தி தவிர.
அது அவன் அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில்
வண்டியை நிறுத்தப் பிடித்த கொடி.
மரகதம் அடுப்பில் காய்ச்சிய சாயம் ஏறியும்
கொடி கொஞ்சம் கொடியாகவே இருந்தது.

இத்தனை நாள் நான் எடுத்ததெல்லாம்
நில் நில் என்று கூவும் சிவப்பு.
இவன் போர்த்தியிருப்பது
கூவி முடித்த சிவப்பு.

துவராடை என்று இதற்குப் பழைய பெயர்.
துவர் என்றால் சிவப்பு.
துவர் என்றால் பாக்கு
நாக்கைப் பிடித்து இழுப்பதும்.
மரகதம் கடை வாழைத்தண்டு சூப்பில்
எலுமிச்சையும் மிளகாயும் அடங்கிய பிறகு
கடைசியில் நிற்குமே, அது.

கொடுக்காததை எடுக்கமாட்டேன் என்று
தினம் விடியலில் சொல்கிறவன்
எவ்வளவு பசித்தாலும் வாசலில் நின்று
பாத்திரத்தின் மூடியைத் திறப்பான். அதோடு சரி.
நானோ படம் எடுக்கிறேன் என்கிறேன்.
அந்த 'எடு' என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

"எடுக்கட்டுமா?"
"அதுக்குத்தானேக்கா வந்தேன்."

வெள்ளைத் துணி. ஸ்டூல்.
வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தேன்.
இன்னொன்றும்.
மடிப்பு வந்தது. தையல் வந்தது.
இரண்டு சிவப்பும் தனித்தனியாய் வந்து
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.
காசு தொடமாட்டான்.
சாயங்காலம் மரகதம் ஒரு பார்சல் அத்தோ கொடுத்தனுப்பினாள்,
பூண்டு தூக்கலாய்.

பத்து நாள் கழித்துச் சேதி:
முகம் இருட்டாயிருக்கிறதென்று
எட்டையும் திருப்பிவிட்டார்களாம்.
அந்தப் பதினொன்றை நான் இன்னும் அழிக்கவில்லை.
திங்கட்கிழமை மறுபடி வருகிறான்.