பெரிய பிள்ளை

எனக்கு நியமனம் கூட்டித் துடைக்கத்தான்.
டொக்டர் நிலூஷாவுக்குத் தமிழ் வராது.
மஸ்கெலியாப் பக்கமிருந்து டிக்கோயாவுக்கு வருகிறவர்களின் சிங்களம்
கடைக்குப் போதும், வயிற்றுக்குப் போதாது.
ஆகவே செவ்வாய்க்கிழமைகளில்
தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு
திரைச்சீலைக்குள் வந்து நிற்கிறேன்.

பதினேழாம் இலக்கம், கனகேஸ்வரி.
முப்பத்து நாலு கிழமை.
முதல் பஸ்ஸுக்கு இருட்டோடு இறங்கியவள்;
கால்விரல் இடுக்கில் அட்டை கடித்த ரத்தம்
இன்னும் கசிகிறது.
கட்டிலில் ஏறுமுன் செருப்பைச் சோடி சேர்த்து
ஓரமாய் வைத்தாள்.

ஜெல் பட்டதும் “ஐயோ” என்று சிரித்தாள்.
திரை முழுக்க மூடுபனி.
அதற்குள் ஒரு முதுகெலும்பு
கொஞ்சம் தெரிந்து திரும்பிப் படுத்துக்கொண்டது.

டொக்டர் தலையை அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை.
தொடையெலும்பை அளந்தார்.
வயிற்றைச் சுற்றிப் புள்ளி புள்ளியாய் ஒரு வளையம் போட்டார்,
அழித்தார், திரும்பப் போட்டார்.
நீர் நிற்கிற கறுப்புப் பள்ளங்களை
நாலு மூலையிலும் அளந்து கூட்டினார்.
பிறகு மறுபடி வளையம்.
மூன்றாம் முறை போடும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

“பிள்ளை பெரிது என்று சொல்லுங்கள்.”

சொன்னேன்.

“எத்தன கிலோ மிஸ்?”

“இப்பவே ரெண்டு கிலோ தொள்ளாயிரம்.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை
நான் என்ன செய்வது.
“மூத்தது ஒண்ணே முக்கால்தான் மிஸ்,
பஞ்சுல சுத்திக் குடுத்தாங்க.
கொழுந்து நிறுத்தா
தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுவாங்க.
இதுல வெட்ட மாட்டாங்கல்ல?”

எங்கள் லயங்களில் பெரிய பிள்ளை பிறந்தால்
நாலு வீடு தள்ளியிருந்து பார்க்க வருவார்கள்.
நானும் இரண்டு கிலோவுக்குக் குறைந்து பிறந்தவள்தான்.
இந்த வாயால் இப்போது
பெரிசு நல்லதில்லை என்று சொல்ல வேண்டும்.

டொக்டர் ஒரே மூச்சில் ஒரு வசனம் சொன்னார்.
எனக்கு ஒன்பது வசனம் தேவைப்பட்டது:
ஒங்க ரத்தத்துல மிஞ்சுற சீனி
கொடி வழியா உள்ளுக்குப் போவுது.
வேணான்னு சொல்ல அதுக்குத் தெரியாது.
எல்லாத்தையும் கொழுப்பாக்கி
வயித்துலயும் தோள்லயும் சேத்து வைக்குது.
தலை கிழமைக்குச் சரியா இருக்கு,
வயிறு மட்டும் முந்திப் போச்சு.
தண்ணியும் கூட.
பெறக்கும்போது தோள் சிக்கலாம்.
பெறந்தப்புறம் சீனி கிடைக்காம அது தவிச்சுப் போகலாம்.

“நான் தேத்தண்ணிக்கு
உள்ளங்கையில ஒரு சிட்டிக சீனிதான் மிஸ் வச்சு நக்குவேன்.”

“சீனி மட்டுமில்ல. ரொட்டியும்தான்.”

“ரொட்டியுமா.”

அது கேள்வியில்லை.
காலையில் ரொட்டி, மலையில் ரொட்டி, ராவைக்கும் அதுவே.
டொக்டர் நீட்டிய தாளில்
மீன், முட்டை, பாசிப்பயறு, கீரை என்று இருந்தது.
கடைக்காரனின் கடன் கொப்பியைப் பார்ப்பதுபோல்
மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

ஊசி போட வேண்டும் என்றேன். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும்.
“எங்க மலைக்கு ஐஸ்பெட்டி எதுக்கு மிஸ்,
முட்டித் தண்ணியே கைய வெறைக்க வைக்கும்.”

டொக்டர் இதயத்தில் நிறுத்தினார்.
சத்தத்தைக் கூட்டினார்,
அறை முழுக்கக் குதிரை ஓடியது.
தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன சொன்னாங்க?”

எனக்குச் சொல்லப்பட்டதல்ல அது.
இருந்தாலும் அவளுடைய வயிறு.
“இதயச் சுவர் கொஞ்சம் தடிப்பா இருக்காம்.
வார செவ்வாய் திரும்பப் பாப்பாங்க.”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
துணியால் வயிற்றைத் துடைத்தாள்,
ஜெல்லை ஒரு துளி விடாமல்.
“அவருகிட்ட பெருசுன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.
இன்னைக்கு ஒரு நாள் சந்தோசமா இருக்கட்டும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.
திரையில் வளையம் அப்படியே நின்றது,
உள்ளே யாருமில்லாமல்.
பதினெட்டைக் கூப்பிட்டேன்.