பத்துக் கிலோவுக்குக் கீழே

ஓசூர் முக்தார் பாய் கடையில்
உடைக்கக் காத்திருந்த வாஷிங் மெஷின்களுக்கு நடுவே
கைப்பிடியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.
இரண்டே சக்கரம், பக்கத்துக்கொன்றாய்.
ஏதோ கம்பெனியில் செக்யூரிட்டி ஓட்டியதாம்.
கேட் 3 என்ற ஸ்டிக்கர் இன்னும் போகவில்லை.
"ஓடுமா பாய்?"
"நிக்கும். ஓடறது உங்க கையில."
பதினாலாயிரத்துக்கு முடித்து
தக்காளி இறக்கித் திரும்பும் டெம்போவில் ஏற்றினேன்.

கையேடு இல்லை.
சாவி என்று ஒரு கறுப்பு வில்லை,
வார் அறுந்த கைக்கடிகாரம்போல.
பேட்டரி இரண்டில் ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.
சிவப்பு தேறுமா என்று
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து தொட்டுப் பார்த்தேன்.
சூடாக இருந்தது.
நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
எடை மேடை என் பொறுப்பு, பதினோரு வருஷமாக.
கண்ணாடி அறைக்கும் அலுவலகத்துக்கும் நானூறு மீட்டர்.
சீசனில் நாளுக்கு முப்பது நடை, ரசீதுக் கட்டோடு.
இடது முட்டிக்குள் ஒரு மாங்கொட்டை உருளுகிறது.
சைக்கிள் வாங்கலாமே என்றார் மேனேஜர்.
வாங்கலாம்.

தை மாதம். மதிலுக்கு வெளியே
பெங்களூரா பூவெடுத்து நிற்கிறது.
லாரி இல்லாத முற்றம் எவ்வளவு பெரியதென்று
அன்றுதான் பார்த்தேன்.
பழம் தரம் பிரிக்கும் நாகோஜி
முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தான்.
அவனுக்கும் ஒன்றும் தெரியாது.
அது எனக்குத் தெம்பாக இருந்தது.

வலது கால் வைத்தேன். சும்மா இருந்தது.
இடது காலும் ஏறியதும் நடுங்கியது.
இல்லை, நடுங்கியது நான்.
என் நடுக்கத்தை வாங்கி
இரண்டு பங்காக்கித் திருப்பிக் கொடுத்தது.
முன்னே. பின்னே. முன்னே.
நாகோஜியும் கூடவே போய் வந்தான்,
ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவன்போல.
"நிறுத்துக்கா!"
"எதை?"
பிரேக் கிடையாது இதில்.
நிற்க வேண்டுமென்றால்
நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

என் எடை மேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
நாலு கிலோ பழத்தை யார் எடுத்துப் போனாலும்
அதன் எழுத்தில் வராது.
இதற்கோ,
அலுவலகம் பக்கம் போகலாமா என்று நினைத்தால் போதும்,
அந்த நினைப்பு கட்டைவிரலில் இறங்குவதற்குள்
கிளம்பிவிடுகிறது.
நிறுத்தத் தெரியாத என்னை
அது நிறுத்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார்.
கைப்பிடியை விடாமல் சட்டென்று குதித்தேன்.
நான் இறங்கியது அதற்குத் தெரியவில்லை,
அல்லது தெரிந்துதான்,
என்னை உதறிவிட்டுத் தனியாய்ப் போய்
கிரேட் அடுக்கில் முட்டியது.
நாற்பது மஞ்சள் கிரேட் சரிந்த சத்தத்துக்கு
பாய்லர் ஆட்கள் ஓடிவந்தார்கள்.
முழங்கையில் தோல் போயிற்று.
ஜன்னலில் நின்று பார்த்த மேனேஜர்
எதற்குக் கூப்பிட்டாரென்று
இதுவரை சொல்லவில்லை.

ஏறுவதற்கு ஒரு நாள் ஆனது.
இறங்க ஒரு வாரம்:
பின்பக்கமாய், ஒரு கால், பிறகு இன்னொன்று,
யாரோ தூங்கும் அறையிலிருந்து
வெளியே வருவதுபோல.

நேற்று சாயங்காலம்
எடை மேடைமேலேயே ஓட்டிக்கொண்டு போய் நின்றேன்.
கண்ணாடி அறையில் நாகோஜி.
"நூத்தி இருபதா, முப்பதா? மாறி மாறிக் காட்டுதுக்கா.
ஆடாம நில்லு."
ஆடாமல்தான் நிற்கிறேன் என்றேன்.
காலடியில் சக்கரம் இரண்டும்
மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே.

"சரக்கு என்னன்னு போட?"
அல்போன்சா, பெங்களூரா, நீலம், காலிக் கிரேட்,
இந்த நாலைத் தவிர
அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு உலகம் இல்லை.

ரசீதைக் கைப்பிடியில் ஒட்டியிருக்கிறேன்.
பெங்களூரா என்று போட்டுவிட்டான்.
தரம் என்ற இடத்தை மட்டும்
காலியாக விட்டிருந்தான்.